கோழிக்கால் டியூஷன்

அரையாண்டு லீவுக்குப் பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், துணிமணியோடு மகளின் ப்ராஜெக்ட்டும் கூடவே வருகிறது. மனித உடலின் முக்கியத் தசைகள், மாதிரி செய்து வரவும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு! புத்தகத்தில் தோல் உரித்த ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார், அவரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அம்புக்குறி. உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கிறதாம், நல்லவேளை எல்லாவற்றுக்கும் அம்பு விடவில்லை.

மகள் ஏற்கெனவே நெட்டுருப் போட்டு முடித்துவிட்டாள். பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், டெல்டாய்டு, குவாட்ரிசெப்ஸ் என்று வாய்ப்பாடு ராகத்தில் ஒப்பிக்கிறாள். சரி, ட்ரைசெப்ஸ் எங்கே இருக்கு காட்டு என்றால், "படத்துல வலது ஓரம், மேல இருந்து ரெண்டாவது" என்கிறாள். தன் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அண்ணன் மகனையும் இழுத்து உட்கார வைத்தேன். அவன் ரெண்டாம் வகுப்பு, அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் அந்த வீட்டில் அவனைச் சேர்க்காமல் ஒரு காரியம் செய்துவிட முடியாது.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்று ஆரம்பித்தேன். "அப்ப கதவை எப்படி அத்தை தள்ளுறோம்?" நியாயமான கேள்வி. பீரோவை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, அந்தக் கையின் பின்பக்கத்தை மறு கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முழங்கைக்கு மேலே கெட்டியாக ஏதோ திரளும், அதுதான் ட்ரைசெப்ஸ். அது இழுப்பதால்தான் மடங்கின கை நிமிர்கிறது, நிமிர்கிற கை பீரோவைத் தள்ளுகிறது. முன்பக்கத்து பைசெப்ஸ் இழுத்தால் கை மடங்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கணும், நீங்க ரெண்டு பேரும் அப்படி இருந்ததே இல்லை என்றேன். பீரோ ஒரு சாண் நகர்ந்திருந்தது.

உடம்பிலேயே பெரிய தசை எது என்று கேட்டதுதான் வினை. உட்காருகிற இடத்தில் இருப்பதுதான் என்று சொன்னதும் பையன் தரையில் உருண்டு சிரிக்கிறான். குளூட்டியஸ் மேக்ஸிமஸ் என்ற முழுப்பெயரைச் சொன்னேன், இன்னும் மோசமாகிவிட்டது. படி ஏறும்போதும் உட்கார்ந்து எழும்போதும் நம்மைத் தூக்கிவிடுவது அதுதான் என்று விளக்கி, பின்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள் என்றேன். இருவரும் மும்முரமாகச் செய்துகொண்டிருக்கும்போது அம்மா உள்ளே வந்தார். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "என்னட்டி, பிள்ளைகளுக்கு வயித்தால போகுதா?" பதிலுக்குக் காத்திராமல் ஓமத்தண்ணி வைக்கப் போய்விட்டார். ரெண்டு பேரும் குடித்தார்கள், வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய், கோழிக்கால் ரெண்டு தனியா வேணும் என்றதும், "நாய்க்கா மா?" என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் கேள்வி கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை.

மஞ்சள் தண்ணீரில் கழுவி, பின்வாசலில் பேப்பர் விரித்து வைத்தோம். வெட்டின முனையை உற்றுப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் தசைநாண், தசையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு. பின்பக்கத்து நாணைக் குறடால் பிடித்து மெதுவாக இழுத்தால் விரல்கள் எல்லாம் மடங்கி நகத்தோடு கப்பென்று மூடிக்கொள்ளும். முன்பக்கத்து நாணை இழுத்தால் விரியும். மகள் வீல் என்று கத்தினாள், அப்புறம் குறடை யாரிடமும் கொடுக்கவில்லை.

நம் விரலும் இப்படித்தான். விரலை மடக்கும் தசை விரலுக்குள்ளே கிடையாது, முன்கையிலும் உள்ளங்கையிலும் உட்கார்ந்துகொண்டு நாண் வழியாக இழுக்கின்றன. முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டினால் உள்ளே நெளிவது கைக்குத் தெரியும். மகள் வெகுநேரம் தன் கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பையன் இன்னொரு காலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதை அதனால் கவனிக்கவில்லை. பால்காரர் மணி அடித்ததும் கதவிடுக்கில் கோழிக்காலை மட்டும் நீட்டி, அதை மடக்கி மடக்கி "வாங்க அண்ணே" என்றிருக்கிறான். அரை லிட்டர் பால் திண்ணையில் ஓடியது. அந்தச் சந்தடியில் பூனை ஒரு காலைக் கவ்விக்கொண்டு மதில் ஏறிவிட்டது. ப்ராஜெக்ட் போச்சு என்று மகள் அழ, "விடுக்கா, பூனையும் பாடம் படிக்கட்டும்" என்று இவன் ஆறுதல் சொன்னான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மதினியின் அப்பா வந்திருந்தார். மரியாதைக்காரர், அதிகம் பேசமாட்டார். இலையில் தொடைக்கறி விழுந்ததும் மகள், "தாத்தா, நீங்க சாப்பிடுறது கோழியோட தசை" என்றாள். அவர் கை நின்றது. கறி என்றாலே பெரும்பாலும் தசைதானே, அதில் தப்பு சொல்ல முடியாது. தொடை மட்டும் ஏன் கறுப்பா இருக்கு, நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்கு என்று அடுத்த கேள்வி. கோழி நாள் பூராவும் நிற்கிறது, நடக்கிறது, அதனால் கால் தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் நிறைய வேண்டும், அந்த நிறம்தான் கறுப்பு. நெஞ்சுத் தசை சிறகடிக்க, இது எங்கே பறக்கிறது என்றேன். பெரியவர் தலையாட்டிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். உடனே பையன் ஓடிவந்து அவர் கன்னத்தில் கையை வைத்து, "தாத்தா, நல்லா மெல்லுங்க, மாசெட்டர் வருதான்னு பாக்கணும்." மெல்லுவதற்குக் கன்னத்தில் இருக்கும் தசைதான் மாசெட்டர். பல்செட் போட்டவர். அதற்கப்புறம் ரசத்துக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்தபின் மணிக்கட்டுப் பரிசோதனை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் ஒரு நாண் துருத்திக்கொண்டு தெரியும், பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. சிலருக்கு இருக்காது, ஒரு கையில் மட்டும் இல்லாதவர்களும் உண்டு. அண்ணனுக்கு இடது கையில் காணோம். "அதான் கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொன்னா கேக்கிறதில்ல" என்றார் மதினி. அது இல்லாவிட்டால் பிடியில் குறை ஒன்றும் தெரியாது மதினி, வேறு இடத்தில் நாண் அறுந்தால் டாக்டர்களே பல சமயம் இதை எடுத்து அங்கே வைப்பார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. அண்ணன் சாயங்காலம் வரை கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா மட்டும் எதற்கும் அசரவில்லை. ராத்திரி அவருக்குக் கெண்டைக்காலில் குரக்களி பிடித்தது, பிள்ளைகள் ஓடிப்போய் இந்தத் தசைதான் காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளி அனுப்புகிறது ஆச்சி என்று பாடம் எடுத்தார்கள். "அது எதைத் தள்ளினா எனக்கென்ன, பெருவிரலைப் பிடிச்சு மேல இழுல முதல்ல" என்றார். இழுத்ததும் விட்டது.

ப்ராஜெக்ட்டுக்கு அட்டையில் கை வரைந்து வெட்டி, விரலுக்கு விரல் ஸ்ட்ராவைத் துண்டு துண்டாக ஒட்டி, உள்ளே நூல் விட்டோம். நூலை இழுத்தால் விரல் மடங்குகிறது. பள்ளி திறந்த அன்று எப்படிச் செய்தாய் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இவள் கறிக்கடையிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி: "அன்பான பெற்றோர்களே, நாளை அறிவியல் வகுப்புக்கு மாணவர்கள் யாரும் கோழிக்கால் கொண்டுவர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."