விற்பனை நெறிமுறைத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுங்கள்

கம்பனியில் நெறிமுறைப் பயிற்சி, முடிவில் தேர்வு என்றதும் கையேட்டை மனப்பாடம் செய்யத்தான் தோன்றும். வரைவிலக்கணக் கேள்விகளுக்கு அது போதும். ஆனால் சம்பவக் கேள்வி வந்தால் கை நின்றுவிடும். நான் எழுதிய தேர்வில் அதிகம் வந்தவை சம்பவக் கேள்விகள்தான். அதனால் திருகோணமலையில் என் ரூட்டில் இருக்கும் கடைகளை வைத்தே ஒவ்வொரு பாடத்தையும் படித்தேன்.

ஒன்றைச் சொல்கிறேன். கிண்ணியாக் கடைக்காரர் திங்கட்கிழமை 40,000 ரூபா தருகிறார். காசு வாங்கும் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) அதைத் தன் அவசரத்துக்கு எடுத்துவிடுகிறார். வியாழன் மூதூரில் வாங்கிய காசைக் கிண்ணியாக் கணக்கில் போடுகிறார். மூதூர்க் கணக்கை அடுத்த வாரம் நிலாவெளிக் காசால் மூடுகிறார். எந்தக் கடையிலும் பெரிய நிலுவை தெரியாது, எல்லாம் கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான். இதற்கு லாப்பிங் என்று பெயர்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். கடைக்காரர் கையிலுள்ள பற்றுச்சீட்டின் திகதியையும் வங்கியில் காசு வைப்பிலிட்ட திகதியையும் ஒப்பிட வேண்டும். கடைகளிடம் நிலுவையை நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அப்புறம், ரெப்பைக் கட்டாய லீவில் அனுப்பி அந்த ரூட்டுக்கு வேறொருவரைப் போட வேண்டும். லீவே எடுக்காதவரை நல்ல உழைப்பாளி என்றுதான் நினைப்போம். ஆனால் இந்த மோசடி ஓட வேண்டுமென்றால் அவர் நாள்தோறும் அங்கே இருந்தே ஆகவேண்டும். லீவு ஏன் ஒரு கட்டுப்பாடு என்பது இங்கேதான் எனக்கு விளங்கியது.

அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெசியின் ஆய்விலிருந்து வளர்ந்த மோசடி முக்கோணத்தையும் இதே சம்பவத்தில் பொருத்திப் பாருங்கள்: அழுத்தம், வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லும் சமாதானம். “சம்பளம் வந்ததும் வைத்துவிடுவேன்” என்பது மூன்றாவது. உயர்தரம் முடித்த கையோடு ரெப்பாகச் சேரும் பிள்ளைகள் வழுக்குவது அந்த ஒரு வரியில்தான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

அழுத்தத்துக்கு உதாரணம் கேட்டால் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எழுதலாம். டார்கெட்டை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 185 மில்லியன் டொலர் அபராதம் விழுந்தது. நம் ஊரில் இதே அழுத்தம் மாதக் கடைசியில் தெரியும்: 30ஆம் திகதி கடைக்குச் சரக்கை ஏற்றி பில் போட்டு, மாதம் பிறந்ததும் திருப்பி எடுப்பது.

இலஞ்சம் என்றால் அரச உத்தியோகத்தருக்குக் கொடுப்பது மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். இலங்கையின் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. ஓடருக்காகக் கொள்வனவு அதிகாரிக்கு ஃபோன் வாங்கிக் கொடுப்பதும் இதற்குள் வரலாம்.

“சக ஊழியர்மேல் சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு, அவரிடமே போய்க் கேட்பேன் என்று எழுதாதீர்கள். அவர் உஷாராகிவிடுவார், சீட்டுகளும் காணாமல் போகும். கண்டதைத் திகதியோடு குறித்துவைத்து, கம்பனி சொன்ன வழியில் முறையிட வேண்டும். மேலாளரே சம்பந்தப்பட்டிருந்தால் யாரிடம் போவது என்பதையும் கையேட்டில் தேடி வையுங்கள். எங்களுக்கு அதுவும் வந்தது.