கூலிமிலிருந்து தெரியும் மலேசியா

நாமக்கல்லில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் பேத்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்லூரியில் மலேசியாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "அத்தை, எழுதி வெச்சிருக்கேன், சரியா இருக்கான்னு கேளுங்க" என்று வாசித்தாள். 3 கோடியே 40 லட்சம் மக்கள், 13 மாநிலங்கள், 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம், செம்பனை எண்ணெயில் (பாமாயில்) உலகில் இரண்டாவது இடம். எல்லாம் சரிதான். ஆனால் நான் பிறந்த கூலிம் வட்டாரம் அதில் எங்குமே இல்லை. அன்று இரவு அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கூலிம், கெடா மாநிலத்தின் தெற்கே இருக்கிறது. கெடா என்பது சோழர் காலத்துக் கடாரம். ஆனால் எங்கள் குடும்பம் அந்தக் காலத்தில் வந்ததில்லை. வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தபோது வந்தவர் என் தாத்தா. நான் 1966இல் அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்தேன்.

அம்மா பால்மரம் சீவினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். விடிவதற்கு முன்பே பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தண்டல் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட்டதும் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் மரம் சரியாகப் பால் விடாது, அதனால்தான் அந்த இருட்டு வேலை. ஒரு நிரையில் ஐந்நூறு மரம் இருக்கும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாக விட்டால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. மழை பெய்தால் பட்டையில் வழியும் தண்ணீரோடு பாலும் போய்விடும் என்பதால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறைந்துவிடும். அந்த மாதங்களில் சீனக் கடைக்காரரின் கடன் புத்தகத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள், மலேசியத் தமிழர் கதையில் பாதி இதில் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

1957இல் சுதந்திரம் வந்த காலத்தில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாங்கியவருக்கு நிலம் போதும், லயத்தில் இருந்த சனங்கள் தேவைப்படவில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்குத்தான். தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டத்தை வாங்குவது. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். அந்த மனிதர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியதை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை.

பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான், அதாவது இங்கே வாழலாம், ஆனால் குடிமகள் இல்லை. அறுபது வருடம் இந்த மண்ணில் உழைத்தவர்.

மலேசியாவின் சனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அன்று யார் எங்கே இருந்தார்கள் என்பதில் ஆரம்பிக்க வேண்டும். மலாய்க்காரர்கள் கம்பத்திலும் (மலாய்க் கிராமம்) வயலிலும், சீனர்கள் ஈயச் சுரங்கத்திலும் பட்டணத்துக் கடையிலும், தமிழர்கள் தோட்டத்திலும். காலனி ஆட்சி வேலையைப் பிரித்தபோது மனிதர்களையும் பிரித்துவிட்டது. 2020 கணக்கெடுப்பில், குடியுரிமை உள்ளவர்களில் மலாய்க்காரரும் மற்ற பூமிபுத்ராக்களும் (மண்ணின் மைந்தர்கள்) 100க்கு 69 பேர், சீனர் 23, இந்தியர் 7 பேருக்கும் குறைவு. பூமிபுத்ரா என்ற சொல்லுக்குள் சரவாக்கின் இபான் மக்கள், சபாவின் கடசான்டூசுன் மக்கள் எல்லாரும் அடக்கம். கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த இரண்டு மாநிலங்களையும் தீபகற்பத்தில் இருக்கும் நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அது தப்பு.

1969 மே 13இல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்துக்கு அப்புறம், வறுமையைக் குறைக்கவும் பூமிபுத்ராக்களைப் பொருளாதாரத்தில் உயர்த்தவும் 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1970இல் தீபகற்பத்தில் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. மலாய்க் கம்பங்களின் ஏழ்மை நிஜமானது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கொள்கை பெரிய வேலை செய்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். தோட்டத்து ஏழைகளை மட்டும் அது சரியாகக் கண்டுகொள்ளவில்லை. தனியார் நிலத்துக்குள் இருந்த எங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் எல்லாருக்கும் அப்புறம்தான் வந்தன.

எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள். ரப்பரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சீவ வேண்டும், செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள் குறைவாகப் போதும் என்பது தோட்டத்துக்கு லாபம். அம்மாவுக்குச் செம்பனையில் ஒரு வேலை கிடைத்தது. மகரந்தத் தூளைப் பெண் பூக்களின் மேல் ஊதிவிட வேண்டும். காற்றும் இங்கிருந்த பூச்சிகளும் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பெண்களை வைத்துச் செய்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து ஜொகூர் தோட்டமொன்றில் விட்டார்கள். கொஞ்ச நாளில் நாடு முழுக்கப் பரவியது. விளைச்சல் ஏறியது, நாட்டுக்குப் பெரிய வருமானம். அம்மாவுக்கு அந்த வேலை போயிற்று. "ஒரு வண்டு வந்துச்சு, எங்க வேலைய எடுத்துக்கிச்சு" என்று எந்தக் கசப்பும் இல்லாமல் சொல்வார். எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

அதற்குள் அக்கா பினாங்குத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்து, இன்டெல் மாதிரி கம்பெனிகள் வந்தன. பாலம் இல்லாத காலம் அது. பாலம் 1985இல்தான் வந்தது. கம்பெனிப் பஸ்ஸில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகு, மறுபடி பஸ். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கணினிச் சில்லில் (சிப்) ஒட்ட வேண்டும். இன்று உலகத்துச் சில்லுகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் 100க்கு 13 பங்கு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் இருபது வயதுப் பெண்கள், பெரும்பாலும் கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். அக்காவின் பக்கத்து இருக்கையில் அப்படி ஒருத்தி. ஹரிராயாவுக்கு, அதாவது ரம்ஜான் பெருநாளுக்கு, அக்கா அவளுடைய ஷிப்டைப் பார்ப்பார், தீபாவளிக்கு அவள் அக்காவுடையதை. இரண்டு பேருமே நாற்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார்கள். இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

அக்காவின் சம்பளமும், அம்மாவின் ஊழியர் சேம நிதியில் எடுத்த பணமும் சேர்ந்துதான் எங்களுக்கு ஒரு வீடு வந்தது. தாமானில் (குடியிருப்புப் பகுதி) மலிவு விலை வீடு, அன்று 25,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு அறை. வீட்டுப் பத்திரத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சில வருடம் கழித்துத் தோட்டம் கைமாறியபோது எங்களுக்குப் போக இடம் இருந்தது. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இல்லை. அவர்கள் ஆற்றோரம் பலகை வீடு கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் சிலர் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில்தான் படித்தார்கள். வீடு மாறி மாறிப் போனதால் பாதியில் நின்றவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. என் மகன் அங்கேதான் வேலை செய்கிறான். அவன் பாட்டி, அதாவது என் அம்மா, இருட்டில் பிரட்டுக்கு நடந்த அதே வட்டாரத்தில் அவன் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலைக்குள் போகிறான். ரப்பர் மட்டும் எங்கேயோ போய்விட்டது. ரப்பர் கையுறை தயாரிப்பில் மலேசியாதான் உலகில் முதலிடம், ஆனால் அதற்கான பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது.

போன தீபாவளிக்கு அம்மாவைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு 81 வயது. மாரியம்மன் கோயில் இருக்கிறது, குழந்தைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை இல்லை. லயத்தில் இரண்டு வரிசை இன்னும் நிற்கிறது. வாசலில் வங்காளதேசத்துப் பையன் ஒருவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவனிடம் தனக்குத் தெரிந்த மலாயில் பேச்சுக் கொடுத்தார். சம்பளம் 1,700 வெள்ளி, அதாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் பாக்கி என்றான்.

"ரூமா சியாப்பா பூஞா?" என்று கேட்டார் அம்மா. வீடு யாருடையது?

"கொம்பெனி."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தார். அது எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. அப்புறம் என் கையிலிருந்த முறுக்கு டின்னை வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டு, "காசு வந்தா ஊருல மொதல்ல வீடு கட்டச் சொல்லு" என்றார். நான் மலாயில் சொன்னேன். அவன் தலையாட்டினான்.