வேக்ஃபீல்டு தாள்: அரியர் எழுதித் தேறியவன் சொல்வது

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. குடியேற்றக் காலனிகள் தாளில் 67. போன வருடம் இதே தாளில் 31 வாங்கி அரியர் வைத்தவன் நான். இடைப்பட்ட மாதங்களில் புதிதாகப் படித்தது கொஞ்சம்தான். ஒரு தவறைத் திருத்திக்கொண்டேன், அவ்வளவே.

போன முறை பகுதி விளக்கக் கேள்வியில், காலனிகளில் ஆட்களை எப்படிக் குடியேற்றுவது என்று திட்டம் போட்டுக் கொடுத்த ஆங்கிலேயர் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் ‘சிட்னியிலிருந்து ஒரு கடிதம்’ வந்தது. நிலம் கொட்டிக் கிடக்கிறது, வேலைக்கு ஆள்தான் நிற்பதில்லை என்று நிலக்காரர் ஒருவர் புலம்பும் இடம். “நேரில் கண்டவரின் சாட்சியம்” என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்து வந்தேன்.

அதை எழுதியபோது வேக்ஃபீல்டு சிட்னியைக் கண்ணால் பார்த்ததில்லை. லண்டன் நியூகேட் சிறையில் கிடந்தார். 1826இல் எலன் டர்னர் என்ற 15 வயதுப் பணக்கார வீட்டுப் பெண்ணைப் பொய் சொல்லிக் கூட்டிப்போய்த் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் முடித்த வழக்கில் மூன்று ஆண்டுத் தண்டனை. கடிதங்கள் 1829இல் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் வந்தன. அதே ஆண்டு ராபர்ட் கூஜர் பதிப்பித்த நூலாக வெளியாயின. எழுதியவர் பெயர் நூலில் இல்லை.

இது தெரிந்த பிறகு அந்தப் பத்தியே வேறாகத் தெரிகிறது. புலம்பல் இல்லை அது, வாதம். நிலம் மலிவாகக் கிடைத்தால் கூலியாள் சீக்கிரமே நிலக்காரனாகிவிடுவான். முதலாளிக்கு ஆள் கிடைக்காது. அடிமையோ கைதியோதான் கதி. ஆகவே நிலத்துக்குப் ‘போதுமான விலை’ வை, அந்தப் பணத்தில் இளம் தம்பதிகளைக் கப்பலேற்று. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் இவரைப் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்: ஆளை நிலத்திலிருந்து பிரித்தால்தான் கூலி உழைப்பு பிறக்கும் என்பதை வேக்ஃபீல்டே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆகவே எந்தப் பத்தி வந்தாலும் முதல் வரியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எங்கே இருந்து, யார் பெயரில், யாரை இணங்கவைக்க. தேதி பிசகினாலும் பரவாயில்லை, இது பிசகக் கூடாது.

நான் மனப்பாடமாக வைத்திருந்தது:

- 1831, தலைநகரில் மரண தண்டனை பற்றிய நூல்: சொந்தப் பெயரில், சிறையில் தானே கண்டது.
- 1833, ‘இங்கிலாந்தும் அமெரிக்காவும்’: பெயரில்லாமல்.
- 1839, டர்ஹாம் அறிக்கை (கனடா ஆட்சி பற்றி டர்ஹாம் பிரபு தந்தது): டர்ஹாமோடு கனடாவுக்குக் கூடவே போனார், அதிகாரப்பூர்வப் பதவி கிடையாது. நிலம் பற்றிய இணைப்பில் இவர் கை உண்டு.
- 1849, ‘குடியேற்றக் கலை’: அரசியல்வாதிக்கும் குடியேறிக்கும் இடையே கடிதங்கள். மறுபடியும் கடித வேடம்! நியூசிலாந்தில் போய் இறங்கியதோ 1853இல்தான்.

இவர் யோசனையை ஒட்டி வந்த தெற்கு ஆஸ்திரேலியச் சட்டம் (1834) பற்றிக் கேட்டால், குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 12 ஷில்லிங், கைதிகள் கிடையாது என்பதோடு நிறுத்தாதீர்கள். சட்டத்தின் முகப்பிலேயே அந்த நிலம் யாரும் குடியிராத வெற்று நிலம் என்று எழுதியிருக்கிறது. அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். விலை எவ்வளவு என்று இத்தனை பக்கம் வாதிட்டவர், யாருடைய நிலத்தை விற்கிறோம் என்று நின்று கேட்கவில்லை. இதை எழுதாமல் வரும் விடை எனக்குப் பாதி விடைதான். இந்த முறை ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

நான் மெதுவாகப் படிக்கிறவன், குறிப்புப் புத்தகம் எனக்கு ஒத்துவராது. என்னைப் போன்றவர்கள் 1831 நூலில் இருந்து தொடங்குங்கள். தூக்குக்குக் காத்திருப்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது அது. தண்டனை கடுமையாக இருப்பதாலேயே வழக்குத் தொடுக்கவும் குற்றவாளி என்று சொல்லவும் மக்கள் தயங்குகிறார்கள், அதனால் திருடன் தப்பிக்கலாம் என்று நம்புகிறான் என்கிறார். பிறகு சிட்னிக் கடிதத்தை எடுங்கள். அதே சிறை, அதே கை. கண்டு எழுதியதும் கட்டி எழுதியதும் பத்துப் பக்கத்துக்குள் பிடிபட்டுவிடும்.