ஒரு காதில் மட்டும் கேட்ட சோனி ரோலின்ஸ்

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸின் ‘வே அவுட் வெஸ்ட்’ எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான இசைத்தொகுப்பு. சென்ற மாதம் என் இயர்போனின் ஒரு பக்கம் பழுதாகிப்போனதால் அதைப் புதிதாகக் கேட்க நேர்ந்தது. இதன் ஸ்டீரியோ வடிவத்தில் டெனர் சாக்ஸபோன் ஒரு பக்கத்திலும், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸும் டிரம்ஸும் மறுபக்கத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு மிஞ்சியது பின்னதுதான். ரோலின்ஸின் வாசிப்பு அடுத்த அறையிலிருந்து வருவதைப் போல மிக மெல்லியதாகவே கேட்டது. ஆனாலும் பாட்டு எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒருமுறைகூடக் குழப்பம் வரவில்லை.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் குழுவோடு கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்த ரோலின்ஸுக்கு அப்போது 26 வயது. கான்டெம்ப்பரரி என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய லெஸ்டர் கோனிக்குக்காக அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இதைப் பதிவு செய்தார். பேஸ் வாசித்த ரே பிரவுனும் டிரம்ஸ் வாசித்த ஷெல்லி மேனும் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்பதால், மூவருக்கும் ஒத்துவந்த நேரம் அதிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில் இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்தக் குழுவில் பியானோ கிடையாது. அந்தக் காலத்து ஜாஸ் பாணியான ஹார்ட் பாப் குழுக்களில் வழக்கமாகப் பியானோ ஒவ்வொரு கார்டையும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தையும், முழுமையாக ஒலித்துக் காட்டும்; தனி வாசிப்பாளர் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் அது போட்டுவைத்த கோட்டை விட்டு அதிகம் விலகவும் முடியாது. பியானோவை எடுத்துவிட்டால், கார்டின் அடையாளமாகப் பேஸின் ஒற்றைச் சுரம் மட்டுமே எஞ்சுகிறது. மற்ற சுரங்களைக் கேட்பவரே மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘ஆஃப்டர் யூ’வ் கான்’ என்ற பழைய பாடலின் கார்டுகளை வைத்துக்கொண்டு விரைந்து ஓடும் ‘கம், கான்’ பகுதியில் ரே பிரவுன் அந்தச் சுமையை எவ்வளவு இயல்பாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்பதை, சாக்ஸபோன் விலகிய பிறகுதான் நான் சரியாகக் கவனித்தேன்.

முதல் பாடல் ‘ஐ’ம் அன் ஓல்ட் கவ்ஹேண்ட்’, 1936இல் ஒரு திரைப்படத்துக்காக ஜானி மெர்சர் எழுதிய வேடிக்கைப் பாட்டு. ஷெல்லி மேன் அதைக் குதிரைக் குளம்பொலி போன்ற மரத்தட்டலோடு தொடங்குகிறார். வில்லியம் கிளாக்ஸ்டன் பாலைவனத்தில் எடுத்த அட்டைப்படத்திலோ, கவ்பாய் தொப்பியும் இடுப்பில் துப்பாக்கி உறையுமாக ரோலின்ஸ் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவை வெறும் கேலி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஹார்லெமில் வளர்ந்த சிறுவனாகக் கவ்பாய் படங்களை ரசித்துப் பார்த்தவர் ரோலின்ஸ். அந்த மெட்டை அவர் எங்கும் மட்டம் தட்டவில்லை. ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு, குளம்பொலி மட்டும் கேட்கும்படி நிறுத்தி, பிறகு அதையே சற்றுக் கோணலாகத் திருப்பிச் சொல்கிறார். பிற்காலப் பதிப்புகளில் சேர்க்கப்பட்ட இதன் மாற்று வடிவம் பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கும்.

எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. ‘தேர் இஸ் நோ கிரேட்டர் லவ்’ நன்றாகத்தான் இருக்கிறது, அவ்வளவே. ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘சாலிட்யூட்’ அப்படியன்று. அதில் ரோலின்ஸ் மூச்சுவிடும் இடைவெளிகள்கூடப் பாட்டுக்குள் அடங்குகின்றன.

அதே ஆண்டு நவம்பரில் டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸோடும் பேஸ் வாசித்த வில்பர் வேரோடும் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் விடுதியில் ரோலின்ஸ் பதிவு செய்த மூவர் குழு இசையைத்தான் பலரும் உயர்த்திப் பேசுவார்கள். அது இதைவிட மூர்க்கமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதபோது என் கை தேடுவது இதைத்தான். புதிய இயர்போன் வாங்கிவிட்டேன். ‘கம், கான்’ வரும்போது மட்டும் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன்.