ஒற்றைத் தலைவலியும் யோகாவும்: சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம்

யோகா செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? எனக்குத் தலைவலி குறைந்திருக்கிறது என்று கேள்விப்படும் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் வகுப்பில் சேர்ந்தேன், மருந்தைத் தொடர்ந்துகொண்டேதான் செய்தேன். வலி குறைந்ததில் இரண்டுக்கும் பங்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்போது ரப்பர், இப்போது செம்பனை. அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். மாதத்தில் சில நாள், நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாந்தியும் எடுத்துவிட்டு, அப்படியே இருட்டோடு மரம் வெட்டப் போவார். தோட்டத்து டிரெசர் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) வெள்ளை மாத்திரை கொடுப்பார். கோடாலித் தைலம் எப்போதும் மடியில் இருக்கும். அவருக்கு வந்தது ஒற்றைத் தலைவலி என்று யாரும் சொன்னதில்லை. இது குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்பதெல்லாம் எனக்கே என் வலிக்காக அலைந்தபோதுதான் தெரிந்தது.

அலைந்தேன் என்றால், நிஜமாகவே அலைந்தேன். பல வருடம் தனியார் கிளினிக்குகளில் ஊசி போட்டு, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எழுதி அனுப்பினார்கள். எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி வரிசையில் உட்காரும் அரசாங்க கிளினிக்கில்தான் ஒரு இளம் டாக்டர் டைரி எழுதச் சொன்னார். வலி தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின நாள் என்ன சாப்பிட்டேன், எப்போது தூங்கினேன், மாதவிடாய் எந்தத் தேதி, எத்தனை மாத்திரை விழுங்கினேன் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்த டைரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்தே வலி கூட்டமாக வந்து விழுவது பக்கத்தைப் புரட்டினாலே தெரிந்தது. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் அப்படி ஆகிறது என்று டாக்டர் விளக்கினார். வெள்ளிக்கிழமை விரத நாட்களிலும் பல தடவை வந்திருந்தது. மாத்திரைக் கணக்கைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரக்கூடும் என்றார். ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரைக்கு அந்த எல்லை 10 நாள்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் கைப்பையில் பனடோல் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. அதனால் இந்தக் கணக்கை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வலி வராமல் தடுக்க புரோப்ரனோலால் எழுதிக் கொடுத்தார். யோகா பற்றிக் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை செய்த ஓர் ஆய்வு 2020இல் நியூராலஜி இதழில் வந்திருக்கிறது. 160 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு யோகா. முதல் மாதம் ஆசிரியரிடம் வாரம் மூன்று நாள், அடுத்த இரண்டு மாதம் வீட்டில் வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். 114 பேர் முடித்தார்கள். யோகாவும் செய்தவர்களுக்கு மாதம் சராசரியாக 9.1 தடவை வந்த தலைவலி 4.7 ஆகக் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7 இலிருந்து 6.8. மாத்திரைத் தேவையும் யோகா பிரிவில்தான் நன்றாகக் குறைந்தது. யார் யோகா செய்கிறோம் என்பது அவரவருக்குத் தெரியும், தலைவலிக் கணக்கை எழுதியதும் அவர்களேதான். அதனால் இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்கும் தைரியம் வந்தது.

இங்கே கோவில் மண்டபத்தில் மாலையில் வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதல் நாளே தலையைக் கீழே தொங்கவிட்டுக் குனியும் ஆசனம். நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறித்தது. மேலே மினுக்கும் டியூப் லைட், பக்கத்தில் ஊதுபத்திப் புகை வேறு. வகுப்பு முடிந்ததும் போய், "டீச்சர், எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கு, இப்படிக் குனிஞ்சா தாங்கல" என்றேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று என்னை வாசல் பக்கம் காற்று வரும் இடத்தில் உட்கார வைத்தார். அந்தப் பக்கத்து விளக்கையும் அணைத்துவிட்டார்.

அப்புறம் எனக்கென்று மாற்றிக் கொடுத்தார். குனியும் ஆசனங்களில் நெற்றிக்கடியில் தலையணை வைத்து, தலை தொங்காமல் பார்த்துக்கொள்வது. கபாலபாதி வேண்டாம், வேகமான மூச்சு எதுவுமே வேண்டாம். கழுத்தையும் தோளையும் மெதுவாகத் தளர்த்துவது, மூக்கின் இரு துவாரத்திலும் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தி, கடைசியில் நீண்ட சவாசனம். எனக்கு மிகவும் பிடித்தது பிராமரி. கட்டைவிரலால் காதை மூடி, உதட்டைச் சேர்த்து, மூச்சை விடும்போது ‘ம்ம்ம்’ என்று இழுப்பது. சத்தம் அதிகமாக இருந்தால் மண்டைக்குள் இடிக்கும். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தால், புருவ எலும்பில் மெல்லிய அதிர்வு பரவி, நாள் முழுக்க இறுக்கிக் கடித்திருந்த தாடை தானாகத் தளரும். தாடையை அப்படிக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்பதே அப்போதுதான் புரிந்தது.

வெறும் வயிற்றில் செய்யச் சொல்வார்கள். எனக்குப் பசியே வலியைக் கொண்டுவரும் என்பதால், அரை வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாயில் உட்காருவேன். புரோப்ரனோலால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, நிதானமாக எழ வேண்டும்.

வலி வந்துவிட்ட நாளில் ஆசனம் எனக்கு உதவவில்லை. மருந்தைப் போட்டுக்கொண்டு இருட்டறையில் படுப்பதுதான் சரி. யோகா வலி இல்லாத நாட்களுக்கான வேலை. ஆனால் வலி இல்லாத நாளில்தானே ஒரு பெண்ணுக்கு வீட்டு வேலை மொத்தமும் காத்திருக்கிறது! உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு மணி நேரம் பாயில் படுத்திருப்பது மற்றவர்கள் கண்ணுக்குச் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். ஆசனங்களைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதுதான். டைரியைக் கணவரிடம் காட்டினேன். அவர் பேசாமல் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் பாயைப் போடு, பிள்ளைகளுக்குப் பசியாற நான் கொடுக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் யோகா செய்ய விடியற்காலை எனக்கானது.

முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாவது மாத டைரியில் வெற்றுப் பக்கங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. இப்போது மருந்தின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். நானாகக் குறைக்கவில்லை.

திடீரென்று உச்சத்துக்குப் போகும் தலைவலி, கை கால் மரத்துச் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இவற்றுக்கு யோகாவும் வேண்டாம், தைலமும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். முடியாவிட்டால் இங்கே மலேசியாவில் அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். பார்வையில் மின்னல் கோடு தெரிந்து அப்புறம் வலி வருபவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

மாதவிடாயை ஒட்டி வரும் வலி எனக்கு இன்னும் அசையவில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் தனியாக மருந்து கொடுக்கும் முறை இருக்கிறதாம். அடுத்த தடவை போகும்போது டைரியோடு அதைப் பற்றிப் பேசப் போகிறேன்.