ரோமில் முதல் நாள்: அப்பாவும் நானும் ஒரு வாய்க்கால் தண்ணீரும்

ரோமுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான், முதல் நாள் பஸ், மெட்ரோ எதிலும் ஏறாதீர்கள், நடந்தே பாருங்கள். டெர்மினி ரயில் நிலையத்தில் கிளம்பினால் கொலோசியம், ஃபோரம், பாந்தியன், நவோனா, ட்ரெவி, ஸ்பானியப் படிகள் எல்லாம் சேர்த்து ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான். 2025 அக்டோபரில் நானும் அப்பாவும் அப்படித்தான் பார்த்தோம். அப்பாவுக்கு 68 வயது. மதுரைப் பக்கம் குடிநீர்த் திட்டங்களில் முப்பது வருஷம் இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அவர் கண் முதலில் குழாயைத்தான் தேடும். ரோமை நான் பார்த்த விதமே அதனால் மாறிப்போனது.

காலையில் ஏழு மணிக்கே வெளியே வந்துவிட்டோம். பக்கத்துத் தெருக் கடையில் மேடை ஓரமாக நின்றபடியே காபி, கார்னெத்தோ எனும் பிறை வடிவ ரொட்டி. உட்கார்ந்து சாப்பிட்டால் பெரும்பாலான கடைகளில் விலை கூடும் என்று படித்திருந்தேன், உள்ளூர்க்காரர்களும் நின்றுதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம் ஐந்து நிமிஷம். ஏப்ரலில் போப் பிரான்சிஸை அடக்கம் செய்த இடம், அதோடு அந்த வருஷம் கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டு வேறு, அந்த நேரத்திலேயே யாத்திரைக் கூட்டம் கொடிகளோடும் பாட்டோடும் வரிசையில் நின்றது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு காவூர் சாலையில் இறங்கினோம், நேராகக் கீழே போனால் கொலோசியம்.

அந்தப் பாதையில் ஒரு தப்பு செய்தேன். வெயில் ஏறிவிட்டது, அப்பாவுக்குத் தாகம், தெருவில் விற்றவரிடம் 2 யூரோ கொடுத்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். இருநூறு அடி தள்ளி, சாலை ஓரத்தில், இடுப்பு உயரத்துக்கு உருளையாக ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கிறது, அதிலிருந்து வளைந்த மூக்கு மாதிரி ஒரு குழாய், அதில் தண்ணீர் அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கிறது. நாஸோனே என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874-இல் வைக்க ஆரம்பித்தது, இன்று ஊர் முழுக்க 2,500 வரை இருக்கிறது. நல்ல குடிதண்ணீர், காசு கிடையாது.

அப்பா கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இதுல திருகே இல்லையே, மூடவே மாட்டாங்களா?" என்றார். அப்புறம் அவரே, "ஓடிக்கிட்டே இருந்தாத்தான் குழாய்க்குள்ள தண்ணி தேங்காது, சில்லுன்னும் இருக்கும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டார். குனிந்து கையில் ஏந்திக் குடிக்கப் போனவரை ஒரு பாட்டி தடுத்து, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். மூக்கின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, வாயை அடைத்தால் தண்ணீர் அது வழியாக வளைந்து மேலே எழும்பும், நிமிர்ந்தபடியே வாய் வைத்துக் குடிக்கலாம். அப்பா மூன்று தடவை அடைத்து அடைத்துப் பார்த்தார். சித்திரை வெயிலில் நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்களே, அதை வருஷம் முழுக்க, தெருவுக்குத் தெரு வைத்த மாதிரி. அதற்குப் பிறகு அன்று தண்ணீருக்காக ஒரு பைசா செலவழிக்கவில்லை.

கொலோசியத்துக்கு முன்பே ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தோம், ஆளுக்கு 18 யூரோ, அதிலேயே ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் வெளியே பார்க்கச் சொல்வேன். தரைத்தளத்தில் 80 வளைவுகள் இருந்தன, அதில் 76 வாசல்களுக்கு எண் வெட்டியிருந்தார்கள். வடக்குப் பக்கம் இடியாமல் நிற்கும் வளைவுகளுக்கு மேலே அந்த ரோமன் எண்களை இப்போதும் படிக்கலாம், 23-இலிருந்து 54 வரை. ஐம்பதாயிரம் பேர் எந்த வாசலில் நுழைந்து எந்தப் படியில் ஏற வேண்டும் என்று கி.பி. 80-லேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முதலில் இருந்தது நீரோ மன்னன் தன் அரண்மனைக்காக வெட்டிய ஏரி. அதை வற்றவைத்து வெஸ்பாசியன் மன்னர் கட்ட ஆரம்பித்தார், மகன் டைட்டஸ் காலத்தில் திறந்தார்கள். ஏரி இருந்த இடத்தில் இவ்வளவு கனத்தை நிறுத்த வேண்டுமானால் முதலில் வடிகால் சரியாக இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அடியில் வடிகால் இருக்கத்தான் செய்கிறது.

ஃபோரம் என்பது பழைய ரோமின் ஊர்மையம், அங்கேயும் இதே கதைதான். இரண்டு குன்றுக்கு நடுவில் கிடந்த சதுப்பு நிலத்தை க்ளோவாகா மாக்சிமா என்ற பெரிய வடிகால் வெட்டி டைபர் ஆற்றில் விட்ட பிறகுதான் அங்கே கோயிலும் சந்தையும் நீதிமன்றமும் வந்தன. அந்தோனினுஸ் பௌஸ்தினா கோயிலுக்கு முன்னால் அவசியம் நில்லுங்கள். தூண்களுக்குப் பின்னால் அதைத் தேவாலயமாக மாற்றியபோது வைத்த பச்சைக் கதவு ஒன்று படிக்கட்டுக்கு மேலே, எட்டாத உயரத்தில் தொங்குகிறது. கதவு வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்திருக்கிறது, அத்தனை நூற்றாண்டு மண் மேலே சேர்ந்திருந்தது, பிறகு தோண்டியெடுத்ததில் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஃபோரத்தில் எனக்கு மயிர்க்கூச்செடுத்த இடம் வேறு. மாக்சென்டியுஸ் பஸிலிக்கா என்ற மூன்று பிரம்மாண்ட வளைவுகளுக்கு அடியில், அதைக் கட்டுவதற்கு முன்னால், தொமிதியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன, ஹோரியா பிபெரடாரியா என்று பெயர். முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன், அந்த மிளகு எங்கே போய் இறங்கியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கேதான் இறங்கியிருக்கிறது, என் செருப்புக்குக் கீழே. அங்கிருந்து கிளம்ப மனசே வரவில்லை.

மதியம் எடைபோட்டு விற்கும் பீட்சா. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார்கள். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு போட்டது பிடித்திருந்தது. வழியில் லார்கோ அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே இடிபாடுகள், அதை ஒட்டித்தான் கி.மு. 44-இல் சீசரைக் குத்தினார்கள், இப்போது பூனைகள் தூண்மேல் படுத்துத் தூங்குகின்றன. ஒரு எச்சரிக்கை, தெருவெல்லாம் சாம்பியெத்ரினி என்ற கறுப்புக் கற்கள், முஷ்டி அளவு சதுரம், மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்பாவின் புது ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது, மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டி, பையில் இருந்த பழைய செருப்புக்கு மாற்றிய பிறகுதான் நடக்க முடிந்தது. பழகிய செருப்போடு போங்கள்.

அடுத்து பாந்தியன், ரோமானியர்களின் பழைய கோயில், அன்று 5 யூரோ டிக்கெட் வாங்கினோம். முகப்பில் இதைக் கட்டியது மார்க்குஸ் அக்ரிப்பா என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த ரோமானியத் தளபதியின் கட்டடம் அழிந்து, இப்போது நிற்பது பிறகு வந்த ஹேட்ரியன் மன்னன் காலத்தது, ஏறத்தாழ 1,900 வருஷம் ஆகிறது. பழைய பெயரை அப்படியே விட்டுவைத்த மன்னன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. குவிமாடம் 43.3 மீட்டர் குறுக்களவு, தரையிலிருந்து அதன் உச்சி வரை உயரமும் அதே அளவு, உள்ளே கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். கீழே கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக எடை குறைந்த ஜல்லி, உச்சியில் மிதக்கும் எரிமலைக் கல். உச்சியில் திறந்த வட்டம், வெயில் ஒரு தட்டு மாதிரி சுவரில் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, அப்பா தரையில் குந்தி, பளிங்கில் துளைத்திருந்த மழைநீர் ஓட்டைகளைத் தேடினார். 22 இருக்கிறதாம், கயிறு கட்டித் தடுத்திருந்த பகுதியில் 9 எங்கள் கண்ணில் பட்டன. தரையும் நடுவில் லேசாக உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. அதை அவர் உள்ளங்கையை வைத்தே கண்டுபிடித்தார்.

அந்த அக்ரிப்பாதான் கி.மு. 19-இல் ஆக்வா விர்கோ என்ற வாய்க்காலைக் கொண்டுவந்தவர். 20 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் பூமிக்கடியில், மொத்த இறக்கம் வெறும் 4 மீட்டர். இதை நான் படித்துக் காட்டியதும் அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார். "திரும்பப் படிம்மா." திரும்பப் படித்தேன். "நாலு மீட்டரா? லெவல் பார்க்க எங்களுக்கு மெஷின் இருந்துச்சு, அப்பவும் நாங்க திணறியிருக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் நடை அந்தத் தண்ணீரின் பின்னால்தான், பலமுறை பழுது பார்த்து இன்றும் ஓடுகிறது அது. நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினி 1651-இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் நம் கங்கையும் ஒரு ஆணாக, கையில் துடுப்போடு உட்கார்ந்திருக்கிறது. நைல் நதியின் முகத்தைத் துணி மூடியிருக்கிறது, அது பிறக்கும் இடம் அன்று யாருக்கும் தெரியாது என்பதால். ட்ரெவி நீரூற்றில் நல்ல கூட்டம், தொட்டி பக்கம் அன்று ஒரே நேரத்தில் 400 பேரைத்தான் விட்டார்கள், வரிசை வேகமாகவே நகர்ந்தது. தொட்டியில் காசு போடும் அவசரத்தில் மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். இடது பக்கச் சிற்பத்தில் அக்ரிப்பா வாய்க்கால் வேலையைப் பார்வையிடுகிறார், வலது பக்கத்தில் ஒரு பெண் வீரர்களுக்கு ஊற்றைக் காட்டுகிறாள்.

ஸ்பானியப் படிகளுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. 2019-லிருந்து படியில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அபராதம். கீழே பாதி மூழ்கிய படகு மாதிரி ஒரு நீரூற்று, பார்காச்சா, பெர்னினியின் அப்பா பியெத்ரோ செய்தது. மற்ற இடங்களில் தண்ணீர் சீறுகிறது, இங்கே வழிகிறது. நான் விளக்கப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன், அப்பா அதற்குள், "இங்க பிரஷர் வராதும்மா. அந்த நாலு மீட்டர்ல தண்ணி இதுக்கு மேல எழும்பாது. அதான் தொட்டியைத் தாழ்த்தி, படகா ஆக்கிட்டான் பாரு" என்றார். பிறகு நான் படித்த விளக்கமும் அதுவே, அழுத்தம் குறைவு என்பதால்தான் சிற்பி தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார். நான்கு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சிற்பியின் சிக்கலை அப்பா பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

படகின் முனையில் இறங்கி, விழுகிற தண்ணீரில் காலையில் 2 யூரோ கொடுத்து வாங்கிய அதே பாட்டிலை நிரப்பினார். ராத்திரி சாப்பாடு காச்சோ எ பெப்பே, ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. காரம் தூக்கலாக இருந்தது, நான் இரண்டாம் தடவையும் மிளகு கேட்டு வாங்கித் தூவிக்கொண்டேன். அறைக்குத் திரும்பும் வழியில் இன்னொரு நாஸோனே, அப்பா விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு, "நீ முதல்ல குடி" என்றார்.