பிள்ளைகள் உடம்பு ஏறுவது யார் குற்றம்?

"வாயைக் கட்டத் தெரியாமல் கடைக்காரனைத் திட்டி என்ன பயன்?" என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஓரளவு சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு?

சாயங்காலம் தருமபுரி நாலு ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். டியூஷன் பையோடு நிற்கும் பிள்ளை கையில் சிக்கன் ரைஸ். பொட்டலக் காகிதம் ஊறி, எண்ணெய் விரலில் வழிகிறது. இன்னொரு கையில் கூல்டிரிங்க்ஸ்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது இது. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நாக்குக் கட்டுப்பாடு போய்விட்டதா? நடை குறைந்ததும் காரணம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு மலிவாக, விளம்பரத்தோடு இந்தத் தீனியை விற்கிறவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

இத்தனைக்கும் ராகி விளைகிற மண் இது. 2023ல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கத் தொடங்கியதே நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும்தான்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனி விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லேயே விதி போட்டிருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.